விண்ணில் நடந்தோரின் குரல்

காற்று இல்லாத இடத்தில் ஒலி இல்லை என்பது பள்ளி மாணவரும் அறிந்த உண்மை. ஒலிக்கும் மணியைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினால், மணியின் நாக்கு ஆடுவது தெரியும், ஓசை கேளாது. விண்கலத்தை விட்டு வெளியே அடியெடுத்து வைக்கும் மனிதன் அந்தக் குடுவைக்குள் புகுந்தவனைப் போன்றவன். தலைக்கவசத்துக்குள் அவன் எவ்வளவு உரக்கக் கூவினாலும், கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் தோழனுக்கு அது கேட்பதில்லை. அவனுடைய குரலுக்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று கம்பி, மற்றொன்று வானொலி.

விண்நடையின் வரலாற்றை எழுதுவோர் வீரர்களின் துணிவைப் போற்றுவர். விண்ணுடுப்பின் நுட்பத்தை வியப்பர். உயிர்க்காற்றைத் தாங்கிய முதுகுப் பையின் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறிய ஏரியலைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் விண்வெளியில் மனிதன் சிறிது சிறிதாகப் பெற்ற விடுதலையை அந்த ஏரியலின் வளர்ச்சியைக் கொண்டே அளந்துவிடலாம். குரல் கம்பியில் கட்டுண்டிருந்த வரையில் மனிதனும் கட்டுண்டே இருந்தான்.

கம்பியில் கட்டுண்ட குரல்

1965ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், சோவியத் நாட்டின் வாஸ்கோட் 2 கலத்திலிருந்து அலெக்சி லியோனொவ் வெளியே வந்தார். மனிதன் விண்வெளியில் மிதந்தது அதுவே முதன் முறை. ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுள்ள கயிறு ஒன்று அவரைக் கலத்தோடு பிணைத்திருந்தது. அக்கயிற்றினுள் தொலைபேசிக் கம்பியும் ஓடியது. உள்ளே இருந்த தலைவர் பாவெல் பெல்யாயெவுடன் அவர் பேசியது அக்கம்பியின் வழியாகவே. பன்னிரண்டு நிமிடம் நீடித்த அந்த மிதப்பின் இறுதியில் விண்ணுடுப்பு ஊதிப் பெருத்து, கலத்துக்குள் திரும்ப இயலாமல் அவர் பட்ட பாட்டை உலகம் அறியும். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு அவர் உயிர் தப்பினார்.

மூன்று திங்களுக்குள் அமெரிக்கா பதில் தந்தது. ஜூன் 3ஆம் நாள் ஜெமினி 4 கலத்திலிருந்து எட்வர்ட் வைட் வெளியேறினார். பொன்முலாம் பூசிய உறையினுள் உயிர்க்காற்றுக் குழாயும் மின்கம்பியும் ஒருங்கே ஓடிய அவருடைய பிணைப்புக்குத் 'தொப்புள்கொடி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. நீளம் 25 அடி. குழந்தை தாயின் வயிற்றில் உணவு பெறுவதுபோல், விண்வெளி வீரன் அக்கொடியின் வழியே காற்றையும் குரலையும் பெற்றான்.

அன்று நிகழ்ந்த ஒரு சிறு குழப்பம் இந்த வரலாற்றில் கருதத்தக்கது. வைட்டும், கலத்துக்குள் இருந்த ஜேம்ஸ் மக்டிவிட்டும் பேசிக்கொள்வதற்கு ஏதுவாக, குரல் எழுந்தவுடன் தானே இயங்கும் முறையில் ஒலிபரப்பி அமைக்கப்பட்டிருந்தது. இருவரும் மகிழ்ச்சியில் தொடர்ந்து பேசியதால் ஒலிபரப்பி ஓயவில்லை. தரையிலிருந்து சென்ற குரல் உள்ளே புக வழியில்லாது போயிற்று. விண்நடைக்குக் குறித்த நேரம் கடந்துகொண்டிருந்தது. கலம் இருள் சூழ்ந்த பகுதியை நோக்கி விரைந்தது. பயண இயக்குநர் கிறிஸ்டஃபர் கிராஃப்ட் கவலையுற்றார். தரைக்கு ஏதேனும் செய்தி உண்டா என்று மக்டிவிட் கேட்ட பின்னரே, ஹூஸ்டனில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருந்த கஸ் கிரிசம், வைட்டை உடனே உள்ளே வரச் சொல்ல முடிந்தது. கருவியில் பழுது ஏதும் இல்லை. யார் பேசும்போது யார் கேட்பது என்ற ஒழுங்கு வகுக்கப்படவில்லை, அவ்வளவே. அந்த ஒழுங்கை வகுப்பது பின்னாளில் வானொலிப் பொறியாளர்களின் தலையாய பணிகளுள் ஒன்றாயிற்று.

குரல் தொடர்பின் அருமையை உணர்த்திய மற்றொரு நாள் 1967ஆம் ஆண்டு ஜனவரி 27. அப்பல்லோ கலத்தின் தரைச் சோதனை ஒன்றில் கிரிசம், வைட், ரோஜர் சாஃபி மூவரும் பூட்டிய கூண்டுக்குள் இருந்தனர். கூண்டுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே பேச்சு அடிக்கடி தடைப்பட்டது. இரண்டு மூன்று கட்டடங்களுக்கு இடையிலேயே பேச முடியாதவர்கள் சந்திரனை எவ்வாறு சென்றடைவது என்று கிரிசம் சலித்துக்கொண்டார். சில நிமிடங்களில் கூண்டினுள் தீப்பற்றி மூவரும் மாண்டனர். தீக்குக் காரணம் வேறு. ஆயினும் கிரிசமின் அந்த வினா அப்பல்லோத் தொடர்புப் பொறியாளர்களின் செவியில் நெடுநாள் ஒலித்திருக்கும்.

முதுகில் ஏறிய வானொலி

சந்திரனில் தொப்புள்கொடியை இழுத்துக்கொண்டு நடக்க இயலாது. பாறைகளில் சிக்கும், கால்களில் சுற்றும், சில மீட்டருக்கு அப்பால் செல்லவும் விடாது. ஆகவே உயிர்க்காற்றையும் குளிர்நீரையும் முதுகுப் பையில் சுமந்து செல்லும் முறை பிறந்தது. காற்று முதுகில் ஏறியபோது வானொலியும் முதுகில் ஏற வேண்டியதாயிற்று. அந்த வானொலியை ஆர்.சி.ஏ. நிறுவனம் வடிவமைத்தது.

1969ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், பூமியைச் சுற்றிவந்த அப்பல்லோ 9 பயணத்தில், சந்திரக் கலத்தின் முகப்பு மேடையில் நின்று ரஸ்டி ஷ்வைக்கார்ட் அந்தப் பையைச் சோதித்தார். விழாமல் காக்க ஒரு கயிறு மட்டும் இருந்தது. காற்றுக் குழாயோ பேச்சுக் கம்பியோ இல்லை. அவர் கலத்தினின்றும் தனித்த ஓர் உயிராக இயங்கியதால், அவரை அழைக்கத் தனிப்பெயரும் தேவைப்பட்டது. 'ரெட் ரோவர்' என்று அழைத்தனர்.

சந்திரனில் இருவர் நடப்பதற்கு வகுத்த முறை நுட்பமானது. இரண்டாம் வீரரின் குரல் 279.0 மெகாஹெர்ட்ஸ் அலையில் தலைவரின் முதுகுப் பைக்குச் சென்றது. தலைவரின் வானொலி அக்குரலைத் தன் குரலோடு சேர்த்து, 259.7 மெகாஹெர்ட்ஸில் சந்திரக் கலத்துக்கு அனுப்பியது. கலம் அதனைப் பெற்று வேறோர் அலையில் பூமிக்கு அஞ்சல் செய்தது. பூமியின் மறுமொழி கலத்துக்கு வந்து, அங்கிருந்து 296.8 மெகாஹெர்ட்ஸில் இருவரையும் அடைந்தது. குரலோடு இதயத் துடிப்பு, உயிர்க்காற்றின் அழுத்தம், குளிர்நீரின் வெப்பநிலை ஆகிய அளவுகளும் சென்றன. ஆக, தலைவரின் முதுகில் இருந்த ஏரியல் பழுதுற்றால் இருவரின் குரலும் நலிவுறும் நிலை இருந்தது.

ஏரியலின் இலக்கணம்

எளிய ஏரியல் கம்பியின் நீளம் அலைநீளத்தின் கால் பங்காக அமைவது மரபு. அப்பல்லோவின் அலைகள் ஒரு மீட்டர் முதல் 1.15 மீட்டர் வரை நீளம் கொண்டவை. எனவே 25 முதல் 29 சென்டிமீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ ஓர் அடிக் கம்பி போதும். இதனை ஒரு நொடியில் கணக்கிட்டுவிடலாம். அதனை மனிதனின் முதுகில் பொருத்துவதில்தான் இடர்ப்பாடுகள் தொடங்குகின்றன.

முதலாவது இடர், மனிதன் ஓயாமல் அசைபவன் என்பது. நிமிர்ந்த கம்பி தன்னைச் சுற்றி நாற்புறமும் அலையைப் பரப்பும். தன் நுனி காட்டும் திசையில் மட்டும் ஏறத்தாழ ஒன்றும் அனுப்பாது. கல் பொறுக்கக் குனிபவனின் ஏரியலும் அவனோடு குனிகிறது. அதன் நுனி கலத்தை நோக்கித் திரும்பினால் குரல் மங்கும். மேலும், அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் ஒரே வாக்கில் நிற்கும்போது அலை நன்கு சேரும். ஒன்று நின்று மற்றொன்று படுத்திருந்தால் பெரும்பகுதி வீணாகும்.

இரண்டாவது இடர் உடலும் உடுப்பும். மனித உடலில் நீர் மிகுதி. அது அலையை விழுங்கும். விண்ணுடுப்பின் அடுக்குகளில் அலுமினியம் பூசிய மெல்லிய தாள்கள் உண்டு. அவை அலையைத் தடுத்துத் திருப்பும். முதுகுப் பையின் உலோகப் பகுதிகள் ஏரியலுக்கு அடித்தளமாகின்றன. அத்தளத்தின் வடிவம் மாறினால் அலை பரவும் முறையும் மாறும். ஆகவே கம்பியைத் தனியே சோதித்துப் பயனில்லை. எதிரொலிக்காத சுவர்கள் கொண்ட சோதனை அறையில், பையோடும் உடுப்போடும் சேர்த்துத் திசைதோறும் அளந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது இடர் வாசல். வெளியே வரும் வீரன் குறுகிய வாசலில் முதுகை வளைத்து நுழைய வேண்டும். நீண்டு நிற்கும் கம்பி அங்கே தட்டும். எனவே அப்பல்லோவின் ஏரியல் மடக்கக்கூடிய தட்டையான பட்டையாக, முதுகுப் பையின் உச்சியில் இருந்த அவசர உயிர்க்காற்றுப் பெட்டியின் மேல் அமைந்தது. வெளியே வந்ததும் ஒருவர் மற்றவருடையதை நிமிர்த்திவிடலாம். தன் முதுகைத் தான் தொட முடியாத உடுப்பில் தோழனின் கையே துணை.

அப்பல்லோ 11 சந்திரனில் இறங்கியபோதே இந்த இடர் வெளிப்பட்டது. மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி 1969 ஜூலை 21ஆம் நாள் காலை ஏறத்தாழ பத்தரை மணிக்கு ஆர்ம்ஸ்ட்ராங் சந்திரனில் கால் வைத்தார். அதற்குச் சற்று முன்னர், கலத்துக்குள் இருவரும் ஆயத்தமானபோது அவருடைய குரல் பூமிக்குத் தெளிவாக எட்டவில்லை. ஏரியலை நிமிர்த்திய பின்னர் தெளிவுற்றது. ஆல்ட்ரினோ, தம் ஏரியல் கூரையை உராய்கிறது என்று தெரிவித்தார். மாபெரும் பயணத்தின் வாசலில், தாழ்ந்த கூரையும் ஓர் அடிப் பட்டையும் மோதிக்கொண்டன. அப்போது ஹூஸ்டனிலிருந்து அவர்களோடு பேசிக்கொண்டிருந்தவர் புரூஸ் மக்கேண்டலஸ் என்னும் இளம் வீரர். அவருடைய பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் வரும்.

1972ஆம் ஆண்டு அப்பல்லோ 16 பயணத்தில் தலைவர் ஜான் யங்கின் ஏரியல் நுனி முறிந்தது. முறிந்தது ஏறத்தாழ இரண்டு அங்குலமே. அலையின் வலிமையோ வெகுவாகக் குறைந்தது. இருவரின் குரலையும் சுமப்பது தலைவரின் வானொலியே ஆதலால், மூன்றாம் நடைக்கு முன்னர் யங்கும் சார்ல்ஸ் டியூக்கும் தத்தம் அவசரப் பெட்டிகளை, ஏரியலோடு சேர்த்து, மாற்றிக்கொண்டனர். முறிந்த ஏரியல் குறைந்த பொறுப்புடையவரின் முதுகுக்குச் சென்றது. பொறியாளர்கள் வகுத்த முறையின் பலமும் பலவீனமும் இந்நிகழ்ச்சியில் ஒருங்கே தெரிகின்றன.

அருகில் வந்துவிட்ட அடிவானம்

சந்திரன் சிறிய கோளம். அதன் ஆரம் 1737 கிலோமீட்டர். பூமியில் சமவெளியில் நிற்பவனுக்கு அடிவானம் ஏறத்தாழ நான்கரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். சந்திரனிலோ அது இரண்டரை கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறது. வானொலி அலையைத் திருப்பி அனுப்பும் காற்று மண்டல அடுக்குகளும் அங்கில்லை. இந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை. மேட்டுக்கு அப்பால் இறங்கினால் குரல் அறுந்துவிடும். கலத்தின் உச்சியில் வீரர்களுக்கென்றே தனி ஏரியல் ஒன்று விரிக்கப்பட்டது. அதன் உயரம் எல்லையைச் சற்று நீட்டியது. ஆயினும் குன்றுகளையும் பள்ளங்களையும் அதனால் வெல்ல முடியவில்லை.

1971ஆம் ஆண்டு அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் வண்டி ஓட்டிச் சென்றனர். அடுத்த ஆண்டு அப்பல்லோ 17 வீரர்கள் கலத்தினின்றும் ஏழரை கிலோமீட்டர் தொலைவு வரை போயினர். அவ்வளவு தொலைவில் கலத்தை நம்பிப் பயனில்லை. எனவே வண்டியின் முன்புறத்தில் அஞ்சல் வானொலி ஒன்று பொருத்தப்பட்டது. அது வீரர்களின் குரலைப் பெற்று நேரே பூமிக்கு அனுப்பியது. வண்டி ஓடும்போது சிறிய ஏரியல் ஒன்று குரலைச் சுமந்தது. வண்டி நின்றபின், குடைபோல் விரியும் வலைக்கிண்ண ஏரியலை வீரர் தம் கையால் பூமியை நோக்கித் திருப்புவார். அப்போதுதான் தொலைக்காட்சிப் படம் வரும். சுமார் 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால், கருவானில் தொங்கும் நீல உருண்டையைச் சிறு குறிநோக்கியில் தேடிப் பிடிப்பது வீரர்களுக்கு அன்றாட வேலையாயிற்று.

கட்டின்றி மிதந்தவர்

சந்திரப் பயணங்கள் முடிந்தபின், 1973ஆம் ஆண்டின் ஸ்கைலாப் நிலையத்தில் தொப்புள்கொடி மீண்டும் வந்தது. நிலையத்தை விட்டு அகலாமல் செய்யும் பணிகளுக்கு அதுவே போதுமானதாயிருந்தது. 1983ஆம் ஆண்டு ஏப்ரலில் விண்ணோடத்தின் முதல் விண்நடை நிகழ்ந்தபோது, காற்றையும் வானொலியையும் முதுகிலேயே தாங்கிய புதிய உடுப்பு பயன்பட்டது. அதில் நீட்டிய பட்டைக்கு இடமில்லை. பையின் உச்சியோடு ஒட்டிய தாழ்வான ஏரியல் அமைந்தது. எங்கும் சிக்காது, எதையும் உராயாது. சந்திரத் தரையில் மனிதனுக்கு மேல் கீழ் உண்டு. ஏரியலை வான் நோக்கி நிறுத்தலாம். சுற்றுப்பாதையில் மிதப்பவனுக்கு மேலும் கீழும் இல்லை; அவன் எத்திசையில் தலை வைப்பான் என்று எவரும் கூற இயலாது. ஆகவே எல்லாத் திசையிலும் ஓரளவு கேட்கும் ஏரியலே அங்கே சிறந்தது. ஒரு திசையில் மிக நன்றாகக் கேட்டு மறுதிசையில் செவிடாகும் ஏரியல், எவ்வளவு திறனுடையதாயினும், விண்நடைக்கு உதவாது.

1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், சேலஞ்சர் விண்ணோடத்திலிருந்து ஒருவர் எவ்விதக் கயிறும் இன்றி வெளியே மிதந்து சென்றார். முதுகில் வாயு உந்துகலம். அடியில் நீலப் பூமி. ஓடத்திலிருந்து ஏறத்தாழ 98 மீட்டர் வரை அவர் அகன்றார். அவர்தாம் புரூஸ் மக்கேண்டலஸ். பதினைந்து ஆண்டுகளுக்கு முன், கூரையை உராய்ந்த ஏரியலைப் பற்றிய செய்தியைத் தரையிலிருந்து கேட்டவர், இப்போது தாமே குரலை மட்டும் துணையாகக் கொண்டு நின்றார். லியோனொவுக்கு ஐந்தரை மீட்டர். வைட்டுக்கு 25 அடி. மக்கேண்டலஸுக்கு அளவிட்ட கயிறே இல்லை. அவரை மனித குலத்தோடு பிணைத்திருந்தது கண்ணுக்குத் தெரியாத ஓர் அலை.

பல குரல்களுக்கு ஓர் ஒழுங்கு

அனைத்துலக விண்வெளி நிலையம் புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. 109 மீட்டர் நீளமுள்ள உலோகச் சட்டமும் பரந்த சூரியத் தகடுகளும் வீரனுக்கும் ஏரியலுக்கும் இடையே மலைபோல் நிற்கின்றன. அவற்றில் பட்டுத் தெறிக்கும் அலை, நேராக வரும் அலையோடு மோதி, சில இடங்களில் குரலையே அழித்துவிடக்கூடும். எனவே நிலையத்தின் வெவ்வேறு பக்கங்களில் ஏரியல்கள் நிறுவப்பட்டன. ஒன்றின் நிழலில் இருப்பவன் மற்றொன்றின் பார்வையில் இருப்பான். அலையும் 414.2 மெகாஹெர்ட்ஸாக மாறியது; அதன் கால் பங்கு 18 சென்டிமீட்டரே.

ஒழுங்கின்மையால் ஜெமினி 4இல் நேர்ந்த குழப்பத்துக்கும் இங்கே முறையான விடை கிடைத்தது. ஒரே அலையின் நேரத்தை மிகச் சிறு கூறுகளாக வெட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு தரப்படுகிறது. ஐந்து பேர் வரை ஒருவர் குரலை மற்றவர் அடைக்காமல் பேசலாம். கூறுகள் விரைந்து மாறுவதால் காதுக்கு இடைவெளி தெரிவதில்லை.

எனினும் கருவி முழுமை பெற்றுவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. 2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், இத்தாலிய வீரர் லூக்கா பார்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் குளிர்நீர் கசிந்து பெருகியது. கண்களையும் மூக்கையும் நீர் மூடியது. செவிக்கருவியிலும் புகுந்து பேச்சு மங்கியது. பாதுகாப்புக் கயிற்றைப் பற்றியபடி, கண் தெரியாதவராக அவர் வாசலுக்கு மீண்டார். அழுத்தம் ஏறும்வரை காத்திருந்தபோது, உடனிருந்த கிறிஸ் காசிடி அவர் கையை அழுத்தினார்; அவரும் திருப்பி அழுத்தினார். உயிரோடு இருக்கிறேன் என்பதே அதன் பொருள். ஏரியல் பழுதற்று இருந்தும், பேச வேண்டிய வாயருகே நீர் நின்றது. கம்பியும் அலையும் கைவிட்ட இடத்தில் கையின் தொடுகை மொழியாயிற்று.

சந்திரனுக்கு மீண்டும் மனிதரை அனுப்பும் முயற்சியில், கைத்தொலைபேசிகளுக்குரிய முறையையே அங்கு நிறுவ எண்ணுகின்றனர். 2025ஆம் ஆண்டு மார்ச்சில், நோக்கியா நிறுவனத்தின் அத்தகைய கருவியோடு ஆளில்லாக் கலம் ஒன்று சந்திரனின் தென்முனையருகே இறங்கியது. கலம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. கருவி சிறிது நேரம் இயங்கியும், எண்ணியவாறு பேச்சைச் சோதிக்க இயலவில்லை. தென்முனையில் பூமி அடிவானத்தை ஒட்டியே தெரியும். ஒரு குன்று போதும், அதை மறைக்க. அங்கு நடக்கப் போகிறவர்களின் ஏரியலுக்கு வேலை குறையப் போவதில்லை.

விண்நடையின் வரலாற்றில் மனிதனின் கயிறு நீண்டு, பின்னர் அறுந்தது. கயிறு அறுந்த பின்னும் அவனைத் தனியனாக்காமல் காத்தது, கைப்பிடி நீளமுள்ள ஓர் உலோகத் துண்டு. அதனை வடிவமைத்தோரின் பெயர்கள் பெரிதும் வெளியே தெரியவில்லை. ஒரு மனிதன் குனிவான், திரும்புவான், வாசலில் முட்டிக்கொள்வான், மேட்டுக்கு அப்பால் மறைவான், ஒரே நேரத்தில் பலரோடு பேசுவான் என்பவற்றையெல்லாம் முன்னரே எண்ணிப் பார்த்தவர்கள் அவர்கள். விண்வெளியின் பேரமைதியில் மனிதன் அஞ்சாமல் நடந்ததற்கு, தன் குரல் எங்கோ கேட்கப்படுகிறது என்ற நம்பிக்கையே பெருந்துணை. அந்த நம்பிக்கையைச் சமைத்துத் தந்தோர்க்கு வரலாறு கடமைப்பட்டிருக்கிறது.